எல்லோருக்கும் ஒரே விதி... யாருடைய அளவில்?

இந்திய ராணுவத்தில் அதிகாரிகளின் உடல்தகுதியை அளக்க 'ஷேப்' என்று ஒரு முறை இருக்கிறது. மனநிலை, செவித்திறன், கை கால்கள், பொது உடல்நிலை, கண்பார்வை ஆகிய ஐந்தையும் தனித்தனியே சோதித்துத் தரம் பிரிப்பார்கள். ஐந்திலும் குறையில்லாதவர் 'ஷேப் 1'. குறுகிய காலப் பணிக்கு வந்த ஓர் அதிகாரி ராணுவத்தில் நிரந்தரமாக நீடிக்க வேண்டுமானால் இந்தத் தரம் வேண்டும். பெண்களை 1992 முதல் அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்ட ராணுவம், அவர்களுக்கு நிரந்தரப் பணி தர மட்டும் மறுத்துவந்தது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் தரச் சொன்னது; நடக்கவில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் 615 பெண் அதிகாரிகளின் கோப்புகள் தேர்வுக் குழுவின் மேசைக்கு வந்தன. அவர்களுக்கும் அதே 'ஷேப் 1'தான் என்றது ராணுவம். ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று யாரும் குற்றம் சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால், ஆண் அதிகாரிகள் அந்தச் சோதனைக்குப் போனது பணியில் சேர்ந்த ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், ஏறத்தாழ 25 முதல் 30 வயதுக்குள். நிரந்தரமான பிறகு அவர்களுக்கு முட்டி தேய்ந்தாலும் ரத்த அழுத்தம் ஏறினாலும் அதற்கேற்ற பணியில் தொடரலாம். பெண்களுக்கோ உரிய காலத்தில் அந்தச் சோதனையே நடக்கவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, நாற்பதைத் தாண்டியவர்களும் ஐம்பதை நெருங்கியவர்களும் இளைஞருக்கு வைத்த அளவுகோலின் முன் நிறுத்தப்பட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளில் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டு வரை எழுதப்பட்டவை மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டன. அதற்குப் பின் அவர்கள் பெற்ற பாராட்டுகளும் ஆற்றிய பொறுப்புகளும் தேர்வுக் குழுவின் கண்ணில் படவில்லை. எடுத்துக்கொண்ட அந்தப் பழைய அறிக்கைகளும், இவர்கள் எப்படியும் நிரந்தரமாகப் போவதில்லை என்று மேலதிகாரிகள் நினைத்திருந்த காலத்தில் எழுதப்பட்டவை. இதை எதிர்த்துப் பெண் அதிகாரிகள் தொடுத்த லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. விதி காகிதத்தில் நடுநிலையாக இருந்தாலும், அது யார் மீது எப்படி விழுகிறது என்பதைக் கொண்டே அதைச் சோதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறைமுகப் பாகுபாடு என்ற கருத்து நம் நாட்டின் பணியிடச் சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இடம்பெற்றது அந்தத் தீர்ப்பில்தான்.

பணியிடச் சமத்துவம் பற்றி நம் நிறுவனங்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. 'எங்களிடம் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, சாதி மதம் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே விதி.' இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே சொல்கிறார்கள். அந்த நேர்மையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஒரே விதி எழுதப்பட்டபோது, எழுதியவர் மனத்தில் ஊழியர் என்று நின்ற உருவம் யாருடையது? இரவு எட்டு மணிக்கு மீட்டிங் வைத்தால் தடையின்றி உட்காரக்கூடியவர், வேறு ஊருக்கு மாற்றினால் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பக்கூடியவர், சரளமான ஆங்கிலத்தில் பேசியே வளர்ந்தவர், படியேறிப் போவதில் சிரமம் இல்லாதவர் என்ற ஒரு குறிப்பிட்ட மனிதர்தான் அந்த உருவம். அவருடைய அளவுக்குத் தைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே சட்டை என்கிறோம். அளவுகோலையே ஆராயாத சமத்துவம் ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத்தான் காப்பாற்றும். இந்தக் கட்டுரை வாதிடுவது இதைத்தான்.

வெளிப்படையான பாகுபாட்டை ஒழிப்பதில் நாம் தோற்றுவிடவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த குடகுப் பெண் சி.பி.முத்தம்மா, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். அன்றைய நடத்தை விதிகளின்படி, பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். திருமணத்துக்குப் பின் குடும்பக் கடமைகள் வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். திருமணமான பெண் இந்தப் பணியை உரிமையாகக் கோரவும் முடியாது. தூதராகப் பணியாற்றிய பிறகும் உயர் பதவிக்குத் தகுதி போதாது என்று ஒதுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்ட கேள்வி எளிமையானது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையை ஏன் கெடுக்காது? வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அதனால் மனு தள்ளுபடியானாலும், அந்த விதிகள் நீதிமன்றத்தின் வெளிச்சத்தைத் தாங்கவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஏர் இந்தியா வழக்கு வந்தது. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை முடிந்துவிடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை அப்படியே விட்டுவைத்தது. நீதிமன்றமும் தன் காலத்தின் அளவுகோலோடுதான் அளந்தது. 1987இல் ஆட்ரி டி'கோஸ்டா வழக்கில் மெக்கினன் மெக்கன்சி நிறுவனம், பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைவான சம்பளம் கொடுத்துவந்ததற்குத் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டியது, தன் நிதி நெருக்கடியைக் காட்டியது. இரண்டும் செல்லாது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்றது நீதிமன்றம். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013இல் அது சட்டமானது. இந்த வரிசையைப் பார்த்தால், வாசலில் தொங்கிய 'உனக்கு இடமில்லை' பலகை ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டது தெரியும். பலகை இல்லாமலே ஆட்களை வெளியே நிறுத்தும் ஏற்பாடுகளைப் பற்றித்தான் நாம் இன்னும் சரியாகப் பேசத் தொடங்கவில்லை.

அத்தகைய ஏற்பாட்டுக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம் கறுப்பினத்தவரைக் குறைந்த கூலி கிடைக்கும் ஒரே ஒரு பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் 1965 ஜூலையில் அமலுக்கு வந்த அன்றே, நல்ல பிரிவுகளில் சேர இரண்டு எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும் என்று நிறுவனம் விதி கொண்டுவந்தது. பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ். தலைமுறைகளாகத் தரமற்ற, பிரிக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள் அந்தத் தேர்வுகளில் தேறுவது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதிகளைச் செல்லாததாக்கியது. தீர்ப்பில் என்னை அதிகம் கவர்வது ஒரு சிறு விவரம். அந்த விதிகள் வருவதற்கு முன்பே நல்ல பிரிவுகளில் சேர்ந்திருந்த, பள்ளிப் படிப்பை முடிக்காத ஊழியர்கள் தங்கள் வேலையைத் திருப்தியாகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பதவி உயர்வும் பெற்றார்கள். அப்படியானால் அந்தத் தேர்வு எந்தத் திறமையை அளந்தது? வேலைக்குத் தேவையானதை அளக்காத அளவுகோல், வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது. நிதிஷா தீர்ப்பும் இந்த வழக்கைச் சுட்டிக்காட்டுகிறது.

நம் ஊரில் அந்த 'வேறு எது' என்பது பெரும்பாலும் சாதி. தனியார் துறையில் சாதி பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள், நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. விண்ணப்பத்தைப் புரட்டிய எந்த ஹெச்.ஆர். அதிகாரியும் 'இவர் தலித், வேண்டாம்' என்று கோப்பில் எழுதியிருக்க மாட்டார். தனக்குள்ளேகூட அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். பெயரில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று தோன்றியிருக்கும், அடுத்த காகிதத்துக்குப் போயிருப்பார்.

தமிழ்நாட்டில் பெயரின் வாலில் சாதி இல்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. ஒரு சமூகமே அதை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது நம் பெருமைகளில் ஒன்று. ஆனால் பெயர் சொல்லாததை நேர்முகத் தேர்வு கேட்டு வாங்கிவிடுகிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 நிறுவனங்களின் ஹெச்.ஆர். அதிகாரிகளிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை நுணுக்கமாகக் காட்டுகிறது. எல்லோரும் தகுதி ஒன்றே முக்கியம் என்றார்கள். ஆனால், விண்ணப்பதாரரிடம் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் தயக்கமில்லாமல் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், வீட்டில் எத்தனை பேர் படித்தவர்கள், எங்கே வளர்ந்தார் என்பதெல்லாம் ஒருவரின் குணத்தைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதையே நம் ஊர் இன்டர்வியூவில் வைத்துப் பாருங்கள். 'சொந்த ஊர் எது?' 'அங்கே எந்தப் பக்கம்?' 'அப்பா என்ன பண்றார்?' 'உங்க பக்கம் கோயில் திருவிழா எல்லாம் பெருசா நடக்குமே?' ஒவ்வொன்றும் அன்பான கேள்வி; பதற்றத்தைத் தணிக்கக் கேட்பதாகவே கேட்பவர் நினைக்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதே கேள்விகள் ஒரு விசாரணை. 'அப்பா கூலி வேலை' என்ற பதிலுக்குப் பின் மேசையின் மறுபக்கத்தில் விழும் ஒரு நொடி அமைதியை அவர் வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது. பதில் சொல்ல ஒருவருக்கு மட்டுமே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இப்படி வடிகட்டி வடிகட்டி மேலே போனால் கடைசியில் யார் மிஞ்சுவார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்த 9,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் ஏறத்தாழ 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் 3.5 சதவீதம். குடும்பப் பெயரை வைத்துச் செய்த கணக்கு என்பதால் சில இடங்களில் பிசகியிருக்கலாம், தமிழ்ப் பெயர்களில் குறிப்பாக. ஆனால் எவ்வளவு பிசகைக் கழித்தாலும் இந்தப் படம் மாறாது.

சாதியை விட்டு நேரத்துக்கு வருவோம். 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஒரே படிப்பு படித்து ஒரே வேலையில் சேர்ந்த ஆணும் பெண்ணும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏன் வெவ்வேறு உயரத்தில் நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். பேராசை பிடித்த வேலைகள் என்று சிலவற்றை அவர் அழைக்கிறார். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைப்பவருக்கு 35 மணி நேரம் உழைப்பவரைவிட இரு மடங்கு அல்ல, அதற்கும் மேலே சம்பளம் தரும் வேலைகள் அவை. எந்நேரமும் கூப்பிட்டால் வருபவருக்கே அங்கே உயர்வு. வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் இருவரில் ஒருவர் அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டியிருக்கிறது. விலகுபவர் பெரும்பாலும் மனைவி. டென்மார்க் போன்ற நாட்டில்கூட முதல் குழந்தைக்குப் பின் பெண்களின் வருமானம் நீண்ட காலத்தில் ஆண்களோடு ஒப்பிட சுமார் 20 சதவீதம் சரிகிறது, ஆணின் வருமானத்தில் அசைவே இல்லை. விதி இங்கேயும் ஒன்றுதான்: அதிக நேரம் இருப்பவருக்கு நல்ல ரேட்டிங். மாலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பள்ளி வேனுக்காக ஓடுபவர், அலுவலகத்தில் இருந்த எட்டு மணி நேரத்தில் என்ன செய்து முடித்தார் என்பது அப்ரைசல் அறையில் பேச்சுக்கு வருவதில்லை. 'கமிட்மென்ட் போதாது' என்ற இரண்டு சொற்களில் அவர் கதை முடிகிறது.

இது வேலையின் இயல்பு, மாற்ற முடியாது என்பார்கள். கோல்டின் காட்டும் மருந்தாளுநர் உதாரணம் அதற்கு நேரான பதில். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருந்துக் கடை என்றால் தனிமனிதர் ஒருவரின் உடைமை. எந்நேரமும் அவர் இருந்தாக வேண்டும். பிறகு பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன, மருந்துகள் தரப்படுத்தப்பட்டன, நோயாளியின் விவரங்கள் கணினிக்குள் போயின. ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. குறைந்த நேரம் வேலை பார்ப்பவரின் மணிநேரச் சம்பளம் குறைவதும் ஏறக்குறைய நின்றது. அதிகச் சம்பளம் தரும் தொழில்களில் ஆண் பெண் வருமான இடைவெளி மிகக் குறைவாக உள்ளவற்றுள் ஒன்றாக அது மாறியது. பெண்ணியம் பேசி நடந்த மாற்றம் அல்ல இது. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதம் மாறியதால் நடந்தது. மென்பொருளில், வங்கியில், தணிக்கையில் எத்தனை வேலைகள் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரக்கூடியவை என்று நம் நிறுவனங்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்திருக்கின்றனவா?

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் இந்தக் கருத்தை எல்லாவற்றையும்விடத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாயமான வசதி' செய்து தருவதைக் கடமையாக்குகிறது. அதை மறுப்பதே பாகுபாடு. இருந்தும் நம் மனம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய ஒரு வழக்கே சாட்சி. சிவில் நீதிபதி பதவிக்குப் பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களில் 40 முதல் 50 சதவீதம் வரை குறைபாடு உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம் என்று இங்கே விதி இருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நீதிபதி ஆவணங்களைப் படிக்க வேண்டும், சாட்சியைப் பார்க்க வேண்டும் என்பதே வாதம். 2021இல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம், அந்தத் தீர்ப்பு நியாயமான வசதி என்ற கோட்பாட்டையே கணக்கில் எடுக்கவில்லை என்று குறை கண்டது. 2025 மார்ச்சில், பார்வையற்றவர் என்பதற்காக ஒருவருக்கு நீதித்துறைப் பணியை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆறு ஆண்டுகளில் பார்வையற்றவரின் கண்கள் மாறிவிடவில்லை. நீதிபதியின் வேலை எது, அதைச் செய்யும் வழிகளில் ஒன்று எது என்பதைப் பிரித்துப் பார்க்க நீதிமன்றம் கற்றுக்கொண்டது. திரையை உரக்கப் படிக்கும் மென்பொருள் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஐ.டி. பிரிவின் அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு பார்வையற்ற ஊழியரின் நிறுவனம் அதை இன்னும் கற்கவில்லை. அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரியான லேப்டாப்தான் கொடுத்திருக்கிறோம் என்று அது சொல்லக்கூடும்.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் வருவது தகுதி, திறமை. அளவுகோலை மாற்றினால் தரம் விழும் என்ற அச்சம் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளாக இதே வாதத்தைக் கேட்டுக்கொண்டேதான் இந்த மாநிலம் மருத்துவத்திலும் தொழிலிலும் முன்னணிக்கு வந்தது. ஆனாலும் அந்த அச்சத்துக்கு நேரடியான பதில் தருவதே முறை. அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காப்பும் இந்திய ரயில்வேயின் எட்டு மண்டலங்களில் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளை எடுத்து, இடஒதுக்கீட்டால் உற்பத்தித்திறன் குறைந்ததா என்று ஆராய்ந்தார்கள். குறையவில்லை. முடிவெடுக்கும் உயர்நிலைப் பதவிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினரின் பங்கு கூடிய இடங்களில் உற்பத்தித்திறன் சற்றே கூடியதற்கான அறிகுறிகளும் இருந்தன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அளவுகோலை ஆராயச் சொல்வது, அளக்காதே என்று சொல்வதாகாது. அறுவை சிகிச்சை நிபுணரின் கை நடுங்கக் கூடாது, விமானியின் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். அவை வேலையின் தேவைகள். 'கிளையன்ட் முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும்', 'நம் டீமுக்கு செட் ஆக வேண்டும்' என்பவை எந்த வகை? எழுதிவைக்கக் கூச்சப்படும் ஒரு நிபந்தனையைத் தகுதி என்று அழைக்க நமக்கு உரிமை கிடையாது.

இரண்டாவது ஆட்சேபம் செலவு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இதில் நியாயம் இருக்கிறது. 2017இல் மகப்பேறு விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தபோது முழுச் சம்பளத்தையும் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பாகவே வைக்கப்பட்டது. இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆறு மாதச் சம்பளமும் மாற்று ஆளுக்கான சம்பளமும் சிறிய தொகை அல்ல. விளைவு என்ன? கல்யாணமாகி ஓராண்டான பெண் நேர்முகத் தேர்வுக்கு வந்தால், வாய்விட்டுக் கேட்காத ஒரு கணக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஓடத் தொடங்குகிறது. பெண்ணுக்காக எழுதப்பட்ட சட்டமே பெண்ணை வெளியே நிறுத்தும் காரணமாகிறது. இதற்கு விடுப்பைக் குறைப்பது வழியல்ல. வழி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அதே 26 வாரச் சம்பளம் ஈ.எஸ்.ஐ. நிதியிலிருந்து வருகிறது, முதலாளி தனியாகச் சுமப்பதில்லை. அத்திட்டத்தில் உள்ள எல்லா நிறுவனங்களும், ஆண்களை மட்டுமே வைத்திருப்பவையும், சம்பளக் கணக்கில் ஒரு பங்கைச் செலுத்துவதால் பெண்ணை வேலைக்கு எடுப்பவருக்குத் தனித் தண்டனை இல்லை. மகப்பேறுச் செலவை வேலை கொடுப்பவர் தனியாக ஏற்கும்படி விடக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952இலேயே ஒப்பந்தத்தில் எழுதியது. அந்த நிதியின் கூரையை உயர்த்தி எல்லாச் சம்பளக்காரர்களையும் உள்ளே கொண்டுவருவதும், தந்தைக்கும் சட்டப்படி விடுப்பு தந்து ஆணை எடுத்தாலும் பெண்ணை எடுத்தாலும் கணக்கு ஒன்றே என்ற நிலையை உண்டாக்குவதும் அரசு செய்ய வேண்டியவை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியருக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை.

மூன்றாவதாக, 'அமெரிக்காவே இதையெல்லாம் கைவிட்டுவிட்டதே' என்கிறார்கள். 2025 ஜனவரியில் பதவியேற்ற உடனேயே அதிபர் டிரம்ப் அரசுத் துறைகளின் பன்மைத்துவத் திட்டங்களை மூடினார். டியூக் பவர் வழக்கின் கொள்கையை அமல்படுத்துவதையும் சில மாதங்களில் பின்தள்ள உத்தரவிட்டார். பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் அறிக்கைகளிலிருந்து பன்மைத்துவம் போன்ற சொற்களை நீக்கின. ஓர் அரசு உத்தரவில் காணாமல்போகும் அளவுக்கு மேலோட்டமாக அந்தத் திட்டங்கள் இருந்தன என்பதுதான் இதில் நமக்குப் பாடம். பல நிறுவனங்களில் பன்மைத்துவம் என்பது ஆண்டுக்கொரு பயிலரங்கம், மகளிர் தினத்துக்கு ஒரு கேக், இணையதளத்தில் ஒரு புகைப்படம். ஃபிராங்க் டாபினும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 708 நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவுகளைப் பார்த்து 2006லேயே சொன்னார்கள்: மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதால் பெரிதாக எதுவும் மாறவில்லை, மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்த இடங்களில்தான் மாறியது. மேலே ஒருவரை உட்காரவைத்தால் கீழே தானாகச் சரியாகும் என்பதும் நிரூபணமாகவில்லை. நார்வே இயக்குநர் குழுக்களில் 40 சதவீதம் பெண்கள் என்று சட்டம் போட்டது. தகுதியில்லாத பெண்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம் பொய்யானது. வந்தவர்கள் முன்பிருந்த பெண்களைவிட நன்கு தகுதி பெற்றவர்கள். ஆனால் அந்த நிறுவனங்களில் கீழே வேலை பார்த்த மற்றப் பெண்களின் நிலையில் பெரிய மாற்றம் எதையும் ஆய்வாளர்களால் காண முடியவில்லை. நம் கம்பெனிச் சட்டம் 2013இல் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றபோது பல நிறுவனங்கள் உரிமையாளரின் மனைவியையும் மகளையும் நியமித்தன. பிறகு பெரிய நிறுவனங்களுக்கு, குடும்பத்தைச் சாராத சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தனியாக விதி போட வேண்டிவந்தது. பன்மைத்துவம் லாபத்தைக் கூட்டும் என்ற விளம்பர வாதத்தையும் நான் இங்கே எடுக்கவில்லை. அதற்கான ஆதாரங்கள் உறுதியானவை அல்ல. லாபம் தராத ஆண்டில் ஒருவரின் உரிமை காலாவதியாகிவிடும் என்றால் அதற்கு உரிமை என்ற பெயரே பொருந்தாது.

பேச்சை எண்களுக்குக் கொண்டுவர ஒரு வாய்ப்பு இப்போது இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய விரிவான அறிக்கையை செபி விதிப்படி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதில் ஆண்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, பெண்களுடையது எவ்வளவு, மாற்றுத்திறனாளி ஊழியர்கள் எத்தனை பேர், ஆண் ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், பெண் ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் என்றெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பெற்றோர் விடுப்பில் போனவர்களில் எத்தனை சதவீதம் பேர் திரும்பி வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்ற கட்டமும் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் ஆண்டறிக்கையோடு யாரும் தரவிறக்கிப் படிக்கலாம். வேலைக்குச் சேரப் போகிறவரும், தொழிற்சங்கமும், பங்கு வைத்திருப்பவரும், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நிறுவனங்களை அழைக்கும் கல்லூரியும் அந்தக் கட்டங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினால், 'எல்லோருக்கும் ஒரே விதி' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த அறிக்கையில் சாதிக்கு மட்டும் கட்டம் இல்லை. ஊழியர் தாமாக விரும்பி, பெயர் வெளியாகாமல் தரும் தகவலாகவாவது அதைச் சேர்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கலாம்.